பேர் கூப்பிட ஓர் ஆள்

தாது வருஷம் கார்த்திகை மாதம், அடைமழை விட்ட மறுநாள், அவர் என் ஆபீசு வாசலில் வந்து நின்றார். என் நாட்குறிப்பில் புதன்கிழமை என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. தபால்காரர் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலை ஏறிவந்த நாளில்தான் மழை நின்றது. தபால் புதனன்று மட்டுமே வரும். ஆகவே அவர் வந்தது வியாழன்.

எடப்புளி நாட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் அப்போது ரைட்டர். துரை மேட்டுச் சரிவில் இரண்டாவது தோட்டம் திறந்திருந்தார். விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நான் நிற்க முடியாது. படிக்கத் தெரிந்த இன்னோர் ஆள் வேண்டும். மலையில் என்னைத் தவிர அப்படி யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியுமுங்க" என்றார் அவர். மேசைமேல் கிடந்த பத்திரிகையை எடுத்து, ஒரு பத்தி முழுவதையும் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்.

"எங்கே படிச்சீங்க?"

"ஜெயில்லீங்க. சத்தியாக்கிரகத்துல புடிபட்டு வந்த ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு."

அவர் கதை எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் நட்ட மிளகுக் கொடி ஏறியிருந்த பலா மரம் பக்கத்துக் காட்டுக்காரனுடையது. மிளகு யாருக்கு என்ற தகராறில் அந்த மனிதனின் கழுத்தில் கொடுவாளால் வெட்டிவிட்டார். இரண்டாவது வெட்டுக்கு அவசியம் இருக்கவில்லை, ஆனாலும் வெட்டினார். அதை அவரே என்னிடம் மறைக்காமல் சொன்னார். ஆறு வருஷம் கோயமுத்தூர் ஜெயிலில் இருந்தார்.

விடுதலையான கைதிகளுக்கு வேலை தேடித் தரும் சங்கங்களைப் பற்றி நான் பத்திரிகைகளில் படித்திருந்தேன். தண்டனை முடிந்தவனிடம் பழையதைக் கேட்காமல், அவனுக்கு என்ன தெரியும் என்று மட்டுமே கேட்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்த கொள்கை. அன்றே வேலை கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒருவரும் பழம் பறிக்க வரவில்லை. மேஸ்திரி மட்டும் வந்தார்.

"அவன் பேர் கூப்பிட்டா எவனுங்க பதில் சொல்லுவான்? கண்டவன் பொங்கின ஜெயில் சோறு தின்ன வாய்ங்க அது. நாக்கைச் சுட்டுக்கிட்டு வரட்டும், அப்பறம் பாக்கலாம்."

கொலை செய்து ஜெயிலிலிருந்து திரும்பியவனைச் சேர்த்துக்கொள்ள மலையில் ஒரு முறை இருந்தது. ஊர் கூடிய இடத்தில் இறந்தவன் வீட்டார் புளிய மிளாறால் பன்னிரண்டு அடி அடிப்பார்கள். பிறகு ஊர்க்கவுண்டர் தங்கத்தைக் காய்ச்சி நாக்கில் தொடுவார். அதன்பின் எல்லாரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

வேலைக்கு வந்தவர் ஒப்பவில்லை. "சர்க்கார் ஆறு வருஷம் வெச்சிருந்துட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிருச்சுங்க. இவுங்க முதல்லயிருந்து ஆரம்பிக்கறாங்க."

"ஒரு நாள் வலிதான். அப்பறம் ஆயுசுக்கும் வேலை இருக்கு" என்றேன்.

"அடி வாங்கப் போறது நீங்க இல்லீங்களே" என்று சிரித்தார். ஆனால் மறுநாள் போனார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

தலைமுடி கனத்தில் ஒரு தங்கக் கம்பியைத்தான் இதற்கென்று வைத்திருந்தார்கள். நெருப்பிலிருந்து எடுத்து நாக்குக்குக் கொண்டுபோவதற்குள் அது பாதி ஆறிவிடும் என்பதை நான் அன்று அறியவில்லை. கம்பி இதே போன்ற ஒரு சடங்குக்காகப் பெரக்கரை நாட்டுக்குப் போயிருந்தது; திரும்பி வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மரத்தில் பழம் கனிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை பெரட்டு நடந்தாக வேண்டும். என் கல்யாண மோதிரத்தைக் கழற்றி நீட்டினேன்.

ஊர்க்கவுண்டர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, இது கனமா இருக்குதுங்களே."

"தங்கம் தங்கம்தானுங்க" என்றேன்.

அடித்தவர் இறந்தவனின் தம்பி. முதல் அடியிலேயே முதுகுத் தோல் பிளந்தது. ஆறாவதில் மிளாறு முறிந்தது, வேறொன்றை எடுத்தார். பன்னிரண்டோடு அவர் நிறுத்தவில்லை. பதினேழாவது அடிக்குப் பிறகு இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். இழுபட்டபடியே காலால் விலாவில் உதைத்தார். ஏதோ முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு மோதிரத்தைக் குறட்டில் பிடித்து, சிவக்கக் காய்ச்சி நாக்கில் வைத்தார்கள். தொட்டு எடுக்க வேண்டியது. அது ஒட்டிக்கொண்டது. குறட்டை இழுத்தபோது சதையும் சேர்ந்து வந்தது. அந்த வாசனையும், வாயை மூட முடியாமல் அவர் மண்ணில் புரண்டதும் என்னை விட்டுப் போகவில்லை. ஊர்க்கவுண்டர் மோதிரத்தைக் கழுவித் திருப்பித் தந்தார்.

மூன்று நாளை மிச்சம் பிடிக்க நான் செய்த காரியத்தால், அவர் காப்பிக் கிடங்கில் ஒரு மாதம் கிடந்தார். சாமைக் கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தோம். நாக்கு பாதியாகக் குறுகி ஆறியது. இரண்டு பெரட்டையும் நானே ஓடி ஓடிப் பார்த்தேன். பேர் கூப்பிடும் வேலைக்கு இனி அவர் உதவமாட்டார் என்று துரைக்கு எழுதவும் தொடங்கியிருந்தேன்.

மார்கழி பாதியில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த பேர்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இறந்தவனின் தம்பியும் பழக்கூடையோடு நின்றார்.

முதல் பேரைக் கூப்பிட்டார். வாயிலிருந்து வந்தது பேச்சாகவே இல்லை; தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஒரு சத்தம். யாரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். முன்வரிசையில் ஒருவர், "மாடு கன்னைக் கூப்புடுதுடா" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அவர் புத்தகத்தை மூடினார். அவர் கண், பக்கத்தில் கிடந்த ஒரு கொடுவாள்மேல் போனதைப் பார்த்தேன்.

நான் அசைவதற்கு முன் தம்பி வரிசையை விட்டு வந்தார். கூடையின் மூங்கில் விளிம்பால் சிரித்தவரின் முகத்தில் ஓங்கி அடித்தார். அவர் விழுந்ததும் மார்பில் காலை வைத்து மறுபடி அடித்தார்.

"அண்ணனைப் பறிகுடுத்தவன் நானு. அடிச்சவன் நானு. சிரிக்கறதுக்கு நீ யார்ரா?"

யாரும் விலக்கவில்லை. மூச்சு வாங்க அவர் தம் இடத்துக்குத் திரும்பினார். பேர்ப் புத்தகம் வைத்திருந்தவரின் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை.

"கூப்புடு" என்றார், மண்ணைப் பார்த்து.

அவர் புத்தகத்தை விரித்தார். எல்லாப் பேரும் ஒரே சத்தமாகத்தான் கேட்டன. ஆனால் நான் தினமும் கூப்பிட்ட வரிசை மாறவில்லை. யாருக்குப் பின் தன் பேர் வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. முதல் ஆள் கொஞ்சம் தயங்கி, "வந்திருக்கறேன்" என்றார். பிறகு அடுத்தவர். தம் முறை வந்தபோது தம்பியும் சொன்னார்.

விழுந்தவர் எழுந்து நின்று, ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார். அவருடைய பேருக்கான சத்தம் வந்தது. முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இருக்கறேனுங்க" என்றார்.