ஓராள் நீளப் பச்சை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு மார்கழி. எங்கள் பக்கத்து மேட்டுக்காடுகளில் கொள்ளு பூவெடுத்துக் காய் பிடிக்கும் நேரம் அது. கொள்ளை நாங்கள் மழையை நம்பி விதைப்பதில்லை. பெய்து ஓய்ந்த மழை மண்ணில் விட்டுப்போகும் ஈரத்தை நம்பித்தான் விதைப்போம். அந்த ஐப்பசியில் பெய்தது இரண்டே மழை. பனியாவது இறங்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. வறண்ட காற்றுதான் அடித்தது.

விடிந்ததும் அவரவர் காட்டில் கடப்பாரையால் ஒரு முழம் குத்தி, அடிமண்ணை எடுத்துப் பிடித்துப் பார்ப்போம். உள்ளங்கையில் உருண்டை நின்றால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எவன் கையிலும் நிற்கவில்லை. விரலை விரித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துக்கொண்டு, மாட்டைக் கடத்தூர் சந்தைக்கு ஓட்டுவதா, இன்னும் நாலு நாள் பார்ப்பதா என்று பேசுவோம்.

எங்கள் காட்டிலும் செடிகள் பழுத்து, பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஓரிடம் மட்டும் கருகருவென்று பச்சை கட்டி நின்றது. ஓர் ஆள் நீளம், இரண்டு முழ அகலம். அதற்கு அடியில் என் தங்கை இருந்தாள்.

அவளை இண்டூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டாம் வருஷம் உதட்டோரம் வெள்ளை கண்டது. கழுத்துக்கும் கைக்கும் அது பரவியதும் கட்டியவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். ஊருக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். காட்டில் ஒரு குடிசை போட்டுக்கொடுத்தோம். ஆவணிக் கடைசியில் காய்ச்சல் வந்து அங்கேயே செத்தாள். எட்டிப் பார்க்க ஒரு நாதி வரவில்லை.

வெண்குஷ்டத்தோடு செத்தவர்களைப் புதைத்தால் மழை நின்றுபோகும், எரிக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டு. ஆனால் அவள் சின்ன வயதிலிருந்தே நெருப்புக்குப் பயந்தவள். "என்னைய எரிச்சிராதம்மா" என்று காய்ச்சலில் பிதற்றியிருக்கிறாள். விறகெல்லாம் நனைந்து கிடந்தது, மண்ணெண்ணெயோ கிடைக்காத காலம். நானும் அம்மாவுமாகக் காட்டு நடுவில் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஓடைக்கரையில் எரித்துவிட்டோம் என்று ஊரில் சொன்னோம். மேடு தெரியக் கூடாதென்று மண்ணைச் சமன்செய்து, புரட்டாசியில் அதன் மேலேயே கொள்ளு விதைத்தேன்.

ஆழத் தோண்டிய பொலபொலப்பான மண், ஐப்பசி மழையை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டது. உழவு தெரிந்த எவனுக்கும் புரிகிற சங்கதிதான்.

பச்சையைப் பார்த்த அன்றே அம்மா சொன்னாள்: "புடுங்கிப் போட்ருடா. எவனாச்சும் பாத்தா அவள உட்டு வெக்க மாட்டானுங்க."

நான் பிடுங்கவில்லை. காடு முழுக்கப் போனாலும் அந்த ஓரிடத்தில் காய் முற்றினால் விதைக்காவது ஆகுமே என்று கணக்குப் போட்டேன். "பத்து நாள் பொறும்மா" என்றேன். அந்தப் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

எட்டாம் நாள் பக்கத்துக் காட்டுக்காரரான ஊர்க்கவுண்டர் கடப்பாரையோடு வரப்பில் வந்தார். பச்சையைப் பார்த்தார். அதன் நீளத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். மத்தியானத்துக்குள் ஊரே காட்டில் நின்றது.

"கூடப்பொறந்தவன்தான் தோண்டணும்" என்றார்கள். தோண்டினேன். மேலே நின்ற கொள்ளுச் செடிகளை முதலில் பிடுங்கிப் போட்டேன். ஒரு முழம் போனதும் மண்வெட்டியில் மண் ஒட்ட ஆரம்பித்தது. ஊர்க்கவுண்டர் குனிந்து ஒரு பிடி எடுத்து அழுத்தி, விரல்களை விரித்தார். உருண்டை நின்றது. அதை எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கடா, ஊரு மழைய பூரா இங்க இழுத்து வெச்சிருக்குறா."

கூட்டம் கொதித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடா. எந்தக் காட்டுல இடுப்பளவு தோண்டி மூடுனாலும் இப்பிடித்தான் ஈரம் நிக்கும்னு சொல்லு. வெள்ளாமக்காரன்தான நீ?"

எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் பாதிப்பேருக்கும் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் என்னை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள் என்பதும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வெட்டு வெட்டினேன். அன்று என்னைப் போல ஒரு கோழை அந்தக் காட்டில் இல்லை.

நாலு மாதம் மண்ணில் கிடந்தவளை எப்படி எடுத்தோம் என்று எழுதப் போவதில்லை. அவளுடைய குடிசையைப் பிரித்து அந்த மூங்கிலிலும் ஓலையிலும் வைத்தே எரித்தார்கள். அம்மா மண்ணை வாரி வாரித் தூற்றினாள். கொள்ளுச் செடிகளையும் நெருப்பில் போடச் சொன்னார்கள். போட்டேன். முற்றிய காய்களை மட்டும் உருவி மடியில் கட்டிக்கொண்ட பிறகு போட்டேன்.

மழை வரவில்லை. தையும் மாசியும் காய்ந்தன. ஊரில் ஒருவர் வீட்டிலும் கொள்ளு இல்லை, விதைக்கு வைத்திருந்ததையும் வறுத்துத் தின்றுவிட்டார்கள். சித்திரையில் ஒரு மழை பெய்தது. "பாத்தியா, கொஞ்சம் தாமசமா வந்திருக்குது, அவ்வளவுதான்" என்று ஊர்க்கவுண்டர் என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன்.

மடியில் கட்டிவந்த இரண்டு கைப்பிடியைக் கிணற்றோரம் விதைத்தேன். நாலு படி கண்டது.

புரட்டாசி வந்ததும் ஊர்க்கவுண்டர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். விதை எங்கேயும் இல்லை, இரண்டு படி கொடுத்தால் அறுத்ததும் திருப்பிவிடுவதாக இழுத்து இழுத்துச் சொன்னார். நான் எழுவதற்குள் அம்மா உள்ளே போனாள். படியில் தலைதட்டி அளந்துகொண்டு வந்து அவர் துண்டில் கொட்டினாள்.

"எம்மவ மேல மொளச்ச வெதைங்க இது" என்றாள். "நல்லா வரும்ங்க."

அவர் துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் விதைத்தார்.