தலைமாட்டு நாற்காலி

கனகாம்பிகை வடநோர்வேயின் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிக் களைத்து, ஒஸ்லோவுக்கு வந்து, பராமரிப்பு வேலை படித்தவர். 2004இல் குருனர்லொக்காப் பக்கம் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடி என்பதற்கு மேல் அவருக்குப் பெரிய தத்துவம் எதுவும் இருக்கவில்லை. மோரிட்ஸிடம் அது போதவில்லை.

மோரிட்ஸ் ஒரு காலத்தில் தொப்பிக்கடை வைத்திருந்த யூதக் கிழவர். மனைவி இறந்துவிட்டார்; பிள்ளைகள் இல்லை. முறிந்த இடுப்புக்குச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர், கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். எலும்பு பொருந்திவிட்டது, நடக்கலாம் என்று வைத்தியர் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை நகரசபையிலிருந்து பெரிட் என்ற அதிகாரி பார்க்க வருவார். அப்போதும் படுத்தே கிடந்தால் வீட்டைப் பூட்டி, கிழவரை முதியோர் இல்லத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அதை நினைத்து மோரிட்ஸ் இரவெல்லாம் தூங்குவதில்லை. எழும்பவும் மாட்டார்.

“தலைமாட்டில் நிற்காதே,” என்றார் முதல் நாளே. நோர்வேயில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். “நோயாளியின் தலைக்கு மேலே கடவுள் இருப்பார்.”

கனகாம்பிகை கால்மாட்டுக்குப் போனார்.

“அங்கேயும் நிற்காதே. அது மரண தூதனின் இடம்.”

“அப்ப நான் எங்கை நிண்டு விரிப்பு மாத்திறது?” என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, விலாப்பக்கம் நின்று மாற்றினார்.

“ஏன் எழும்ப மாட்டாய்?” என்று ஒருநாள் நேரே கேட்டார்.

“நோயை ஒருவன் தனியாகச் சுமக்கக்கூடாது. பார்க்க வருகிறவர் அதில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போவார். அதற்குப் பிறகு எழும்புகிறேன்.”

“உன் யூத சபையிலிருந்து அத்தனை பேர் வந்தார்களே.”

“வந்தார்கள். கேக்கைத்தான் குறைத்தார்கள். வருகிறவர் என் வேளையில், என் நட்சத்திரத்தில் பிறந்தவராக இருக்கவேண்டும். என் தகப்பன் அப்படித்தான் சொல்வார். எனக்கு அப்படி ஒருவன் இருந்தான், மாமன் மகன். போர்க்காலத்தில் யூதன் என்று கப்பலில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.”

கனகாம்பிகை போர்வை நுனியைச் செருகினார். வேறு பராமரிப்பாளர் என்றால் மனநல வைத்தியருக்கு அறிவித்திருப்பார். இவருக்கோ, நட்சத்திரம் என்றதும் விடயம் சுலபமாகிவிட்டது.

“பிறந்த திகதி கோப்பில் இருக்கிறது. எத்தனை மணிக்குப் பிறந்தாய்?”

“பால்காரன் வந்த நேரம் என்று அம்மா சொல்வாள்.”

நோயாளியைப் பற்றி வெளியே வாய் திறக்கக்கூடாது என்பது வேலை விதி. ஆகவே மோரிட்ஸிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் ஹொல்ம்லியாவில் சாதகம் கணிக்கும் ஜெயரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“கேட்டை, தங்கச்சி. ஆள் சரியான பிடிவாதமோ?”

“ஓம்.”

“பேந்தென்ன, கேட்டைதான்.”

கேட்டைக்காரரைப் பிடிக்கக் கோயிலைவிட வசதியான இடம் இல்லை. அர்ச்சனைத் தட்டோடு வருகிற எல்லாரும் ஐயருக்குப் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லியாகவேண்டும். கனகாம்பிகை ஐயருக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்தார். கேட்டை என்று சொன்ன இருவரைத் தட்டோடு மறித்தார். ஒருவர் பஸ் ஓட்டும் மகேந்திரராசா. மற்றவர் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஜானகிராமன்.

“நான் என்ன பண்ணணும் மேடம்?”

“ஒண்டும் செய்ய வேண்டாம். ஒரு வருத்தக்காரருக்குப் பக்கத்திலை வந்து குந்தினாப் போதும்.”

“வருத்தக்காரர்னா?”

“நோயாளி, தம்பி.”

வியாழக்கிழமை இருவரும் ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சையுமாக வந்தார்கள். வந்தவர் நோயாளியைவிட உயர இருக்கக்கூடாது என்று மோரிட்ஸ் சொல்லியிருந்ததால், கனகாம்பிகை கட்டிலின் விலாப்பக்கம் இரண்டு குட்டி முக்காலிகள் போட்டிருந்தார். ஜானகிராமன் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, சிரித்தபடி இருந்தார். கனகாம்பிகை கோப்பி போடக் குசினிக்குள் போனார்.

மகேந்திரராசா நல்ல பருமன். இடது முழங்கால் சரியாக மடங்காது. வருத்தம் பார்க்கப் போனால் மூத்தவர் தலைமாட்டில் இருந்து, கையைப் பிடித்து, எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுதான் அவர் அறிந்த மரியாதை. தலைமாட்டில் ஒரு சாய்மான நாற்காலி சும்மா கிடந்தது. அதில் இறங்கினார்.

“எழும்பு! அங்கே ஆள் இருக்கிறார்!” என்று மோரிட்ஸ் கத்தியது குசினிவரை கேட்டது.

“காலியாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் இருந்தேன்,” என்றார் மகேந்திரராசா, பஸ்ஸில் சொல்கிற அதே தொனியில்.

“கடவுளின் மேல் இருக்கிறாய்!”

“என்ன சார் ப்ராப்ளம்?” என்று ஜானகிராமன் முக்காலியிலிருந்து கேட்டார்.

கனகாம்பிகை ஓடிவந்தபோது போர்வை தரையில் கிடந்தது. மோரிட்ஸ் இரண்டு காலிலும் நின்று மகேந்திரராசாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கனகாம்பிகையின் கை தானாக நீண்டது. மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிடித்து நடக்கிற வாக்கரை மட்டும் காலால் தள்ளி அருகில் விட்டார்.

“அண்ணை, எழும்புங்கோவன்!”

“எப்பிடி எழும்புறது? கால் மடங்காது. ஆரும் கை தாங்கோ!”

தமிழ் தெரியாவிட்டாலும் நீட்டிய கை விளங்கியது. மோரிட்ஸ் ஒரு கையால் வாக்கரைப் பற்றி, மறு கையைக் கொடுத்துத் தூக்கினார். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, முறைப்படி தூக்கினார். மகேந்திரராசா நிமிர்ந்தார்.

கதவு திறந்தே இருந்தது. பெரிட் வாசலில் நின்றார்.

“இவர் எழும்புவதில்லை என்றல்லவா சொன்னார்கள்?”

“நீயும் அந்த நாற்காலியில் இருக்காதே,” என்றார் மோரிட்ஸ் மூச்சு வாங்க. “முக்காலி இருக்கிறது.”

பெரிட் மேலங்கியோடு ஜானகிராமனுக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தார். திராட்சை ஒன்றை வாயில் போட்டபடி, மோரிட்ஸ் ஜன்னல்வரை போய்த் திரும்பியதைப் பார்த்தார். வீட்டிலேயே இருக்கட்டும், உதவி தொடரட்டும் என்றார்.

எல்லாரும் போனபின், “பார்த்தாயா, நட்சத்திரம்!” என்றார் மோரிட்ஸ்.

அவரை எழுப்பியது கோபம் என்றுதான் கனகாம்பிகை நினைத்தார். ஆனால் வாக்குவாதத்துக்கு நேரம் இல்லை. அடுத்த வீட்டில் ஒருவர் குளிக்கக் காத்திருந்தார்.

“சரி. படுக்க முதல் கழிப்பறைக்குப் போய் வா. தனியாக.”