சமையலறையில் மங்கிய விளக்கு

ஹல்துமுல்லைக்கு அருகே, ஹோட்டலாக மாறிய பழைய தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் விளக்குகளைக் கணினியால் இயக்கும் கட்டளைகளை எழுதும் வேலை எனக்கு. மூன்றாவது நாள், கண் எரிந்தது. சாப்பாட்டு அறை வெளிச்சத்தைக் குறைக்கும் கட்டளையை மடிக்கணினியிலிருந்து எத்தனை முறை அனுப்பியும் அங்கே எதுவும் மங்கவில்லை. கடைசியில்தான் பார்த்தேன், அந்த அறையின் எண்ணான பன்னிரண்டுக்குப் பதில் இருபத்தொன்று என்று எழுதியிருக்கிறேன். அது சமையலறையின் எண்.

போய்ப் பார்த்தேன். மூடுபனி அடைத்த ஜன்னலருகே சமையல்கார அக்கா குனிந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"இருட்டா இருக்குன்னு சொல்லியிருக்கலாமேக்கா."

"கரண்டு கொறைஞ்சிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. எங்க லயத்துல எப்பவும் இப்படித்தான்."

நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவன்தான். எண்ணைத் திருத்தினேன்.

மாலையில் மேலாளர் வந்து, சாப்பாட்டு அறை இன்னும் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும், விருந்தினர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார். மறுபடியும் மடிக்கணினி முன் உட்கார்ந்தேன்.