மச்சாளும் ஏணிக் கணக்கும்

வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த மர ஏணியின் அடியில் கயிறு கட்டி, மச்சாள் அதை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான் முற்றத்து மண்ணில் குந்தியிருந்து ஏணியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் இருந்து ஓடிவந்த அம்மா, "உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே?" என்று கத்தினார். அதற்குள் ஏணி தடாரென்று விழுந்தது. பதறிப் பறந்த கோழிகளைப் பார்த்து மச்சாள் சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவர். ஆனால் எங்கள் நெடுந்தீவில் அப்போது அதற்கடுத்த உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை. கலைப்பிரிவில் சேரச் சொன்னார்கள். விருப்பமில்லாததைப் படிக்கமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டார். கலியாணமாகிக் கையில் குழந்தையும் வந்தபின், நான் யாழ்ப்பாணத்துக்குப் படகேறி வகுப்புக்குப் போகத் தொடங்கியபோதுதான், "நானும் சோதினை எழுதப்போறன்" என்றார். பள்ளியில் சேராமல் வெளிவாரியாக விண்ணப்பித்தும் விட்டார்.

முதல் நாளே வகுப்பு வாசலில் மறித்தார்கள். "குழந்தையோட இருக்க ஏலாது" என்றார் மாஸ்டர். "அழுதால் நான் எழும்பிப் போறன், சேர். அழாட்டி இருக்கலாம்தானே?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்வரிசை வாங்கில் போய் அமர்ந்தார். குழந்தை அன்று அழவில்லை. அழுத நாட்களில் சன்னலுக்கு வெளியே நின்று, ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு மறு கையால் எழுதினார்.

அந்த ஏணி, நுண்கணிதத்தில் வகையிடல் பாடத்தில் வந்த கணக்கு. ஏணியின் அடி மாறா வேகத்தில் விலகினால் அதன் தலை எவ்வளவு வேகமாக இறங்கும்? எனக்கு விடை வந்ததும் நிம்மதி. மச்சாளுக்கு அங்கேதான் தொல்லை தொடங்கியது. "நிலத்துக்குக் கிட்ட வரேக்க வேகம் முடிவில்லாமல் கூடுதெண்டு வருது. அப்பிடியும் ஒரு ஏணி விழுமே?" மாஸ்டரிடம் கேட்டார். சோதினைக்கு அது தேவையில்லை என்றார் அவர். "எனக்குத் தேவை, சேர்."

அதனால்தான் அன்று ஏணியை இழுத்தோம். அம்மா பேசப் பேச மறுபடி நிமிர்த்தி, மறுபடி இழுத்தோம். நிலத்தைத் தொடுமுன்பே ஏணியின் தலை சுவரைவிட்டு விலகியதைக் கண்டதும் மச்சாள் கயிற்றைப் போட்டுவிட்டார். "சுவரோட நிக்குமட்டும்தான் உந்தச் சமன்பாடு சரி. விலகினால் வேற கணக்கு!"

முதல்முறை எழுதியபோது மச்சாளுக்குக் கணிதம் கிடைத்தது, பௌதிகவியல் கைவிட்டது. நான் பல்கலைக்கழகம் போனேன். "படிச்சது காணும், இனிப் பிள்ளையைப் பார்" என்றார் அம்மா. "பிள்ளையையும் பார்க்கிறன் மாமி. பௌதிகவியலையும் பார்ப்பன்." அதிகம் பேசாத அண்ணை அடுத்த பரீட்சை நாட்களில் கடலுக்குப் போகவில்லை. பிள்ளையோடு வீட்டில் நின்றார். அம்முறை மச்சாள் மூன்று பாடத்திலும் சித்தியடைந்தார். ஆனால் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்டப் புள்ளிகள் போதவில்லை. அன்று மச்சாள் அழுதார். மறுநாள் புதிய வினாத்தாளை வாங்கித் தரச்சொல்லி எனக்கு அழைப்பெடுத்தார்.

இப்போது நான் கொழும்பில் பொறியியலாளர். அந்தக் குழந்தை வளர்ந்து வர்த்தகம் படிக்கிறாள். கணக்கென்றால் எட்டி நிற்பாள், மச்சாளும் வற்புறுத்துவதில்லை. ஆனால் மச்சாள் கணக்கை விடவில்லை. போன மாதம் குறிகாட்டுவான் துறையிலிருந்து ஊருக்குப் படகில் வரும்போது ஒரு தொகையீட்டுக் கணக்கை என்னிடம் நீட்டினார். நான் மடியில் தாளை வைத்துத் தடுமாறிக்கொண்டிருக்க, எதிரே இருந்த உறவுக்கார மாமி பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "கம்பசும் இல்லை, உத்தியோகமும் இல்லை. என்னத்துக்குப் பிள்ளை உந்தப் பாடு?"

"மாமா விடிஞ்சால் பொழுதுபட்டால் காட்ஸ் விளையாடுறாரே, அவரிட்டை எப்பவெண்டாலும் கேட்டனீங்களே, என்னத்துக்கெண்டு?" என்றார் மச்சாள். "எனக்கு விருப்பம், மாமி. செய்யிறன்."

மச்சாள் என் பக்கம் திரும்பி, தாளின் நடுவில் விரலை வைத்தார்.

"இஞ்ச பாரும், இஞ்சினியர். கழித்தல் குறியைப் பிழையாப் போட்டிட்டீர்."