கைப்பைக்குள் நத்தைகள்

மூன்றாவது மாடியில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் அந்தப் பெண்ணை வாண்டுகள் 'நத்தை அத்தை' என்றுதான் கூப்பிடும். முன்பு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். காப்பகம் திறந்த புதிதில், தரையில் ஓர் எறும்பைக் கண்டு மொத்தப் பிள்ளைகளும் நாற்காலிமேல் ஏறிக்கொண்டு அலறியதில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே பால்கனியில் ஒரு பெரிய தொட்டி வந்தது. அதில் மண் வந்தது. காய்கறிக்கடைக்காரர் கீரைக்கட்டுகளில் பொறுக்கித் தந்த நத்தைகளும் வந்தன.

அப்புறம் கேட்க வேண்டுமா? நத்தை ஒரு கொம்பை நீட்டினால் கைதட்டல், இரண்டை நீட்டினால் ஆட்டம் பாட்டம். சேறு மூக்குவரை ஏறியது. மாலையில் சட்டைகளைப் பார்த்த அம்மாக்களுக்குத்தான் தலை சுற்றியது.

கடைசியில் ஒரு பயலின் அம்மாவான பல் டாக்டரம்மா எல்லா அம்மாக்களையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தொட்டிய இன்னைக்கே எடுத்துடுங்க. இல்லன்னா பிள்ளைங்கள வேற இடத்துல சேத்துக்கிறோம்."

தொட்டி போனால் பிள்ளைகள் மறுபடியும் நாற்காலிமேல்தான். தொட்டி இருந்தால் காப்பகமே காலி. அத்தை மூச்சுவிடாமல் வாதாடினாள். அந்த மும்முரத்தில், பக்கத்து அறையில் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் இருப்பதைக் கவனிக்கக் கோட்டைவிட்டாள்.

யாருக்கோ போன் அடித்தது. வாசலோரம் வரிசையாக வைத்திருந்த கைப்பைகளில் தன்னுடையதைத் திறந்த ஓர் அம்மா வீல் என்று கத்தினாள். போன்மேல் ஒரு நத்தை, கொம்பு இரண்டையும் நீட்டியபடி, ஜம்மென்று உலாவிக்கொண்டிருந்தது. அடுத்த பையிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்!

"கீழ போட்டுடாதீங்க ஆன்ட்டி!" என்று ஓடிவந்தாள் ஒரு சுட்டி. "தொட்டிய எடுத்துட்டா அதுங்க எங்க போகும்? அதான் ஆளுக்கு ஒண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து இரண்டு மூன்று அம்மாக்களும் சிரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மா மட்டும் தன் பையைக் கவிழ்த்துத் தேடினாள். சாவி, சீப்பு, கைக்குட்டை. நத்தை இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முகம் வாடிவிட்டது.

"என் பையில ஏன்டா வைக்கல?"

அவள் மகன் சட்டை நுனியைத் திருகினான். "நீ தூக்கிப் போட்டுடுவியேம்மா."

டாக்டரம்மா மெல்ல மகனெதிரே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"போட மாட்டேன்டா. எனக்கும் ஒண்ணு குடு."

பயல் உடனே கொடுத்துவிடவில்லை.

"தொட்டியையும் எடுக்க மாட்டியே?"

"எடுக்க மாட்டேன்," என்றாள், நீட்டிய கையை மடக்காமலே.