உரம் விழுந்த கழுத்து

மக்கா, உங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்பதை உங்கள் அம்மா பேசமாட்டாள். அதனால் நான் எழுதுதேன்.

அவளுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. பிறகு கழுத்து விறைத்துக்கொண்டது. தெருவில் எல்லாரும் உரம் விழுந்திருக்கு என்றார்கள். தூக்கத் தெரியாமல் தூக்கினால் பிள்ளைக்குச் சுளுக்கிக்கொள்ளும். அதற்குத்தான் உரம் என்று பேர். பழைய சேலையில் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். உங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் உருட்டினார்கள். பிள்ளை அழவில்லை. உரம் எடுபட்டுவிட்டது என்று அத்தைக்குச் சந்தோஷம். எனக்கு அவள் அழாததுதான் சரியாகப் படவில்லை. நான் வேலை பார்த்த பருத்திக் கடையில் லீவு கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

டாக்டர் வயதானவர். எடுத்த எடுப்பில் பிள்ளையைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா மடியில் கிடந்தவளைப் பார்த்தபடியே கேட்டார். முதலில் வந்தது காய்ச்சலா வாந்தியா, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்புகிறாளா, பால் குடிக்கிறாளா. உங்கள் அம்மா வெளி ஆம்பளையிடம் நேரே பேசமாட்டாள். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லுவாள். நான் அதையே டாக்டரிடம் சொல்லுவேன். மூன்று பேரும் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தோம்.

"ஏம்மா, எனக்குக் காது நல்லாவே கேக்கு. இவரு என்ன, தந்தி ஆபீஸா?" என்றார் டாக்டர்.

முந்தானைக்குள் சிரித்தாள். ஆனாலும் என்னிடமேதான் சொன்னாள்: "உரந்தான்னு சொல்லுங்க. எடுத்தாச்சு, மருந்து குடுத்தாப் போதும்னு சொல்லுங்க."

சொன்னேன்.

டாக்டர் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். உச்சியைத் தடவினார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டார்ச் அடித்தார், பிள்ளையின் கண் வெளிச்சத்தோடு போகவில்லை. பிறகு தலைக்கு அடியில் கை கொடுத்து மெல்லத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை. கால் இரண்டும் தானாக மடங்கி மேலே வந்தன. அதை அவர் இன்னொரு தடவை செய்து பார்க்கவில்லை.

"வீட்டில ரொம்ப நாளா இருமுத ஆளு யாரும் உண்டா?"

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். என் தம்பி எங்களோடுதான் இருந்தான். அவன் இருமலும், சளியில் ரத்தமும் வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரியும், வெளியே சொல்லுவதில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். கொழுந்தனைப் பற்றி அவள் எப்படிச் சொல்லுவாள்? இந்த ஒரு பதிலை எனக்கு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"என் தம்பி இருக்கான் சார். அவன் மடியிலதான் இவ வளந்தா."

டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். உரம் இல்லை, காசம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார். புதுசாக ஊசி ஒன்று வந்திருக்கிறதாகக் கேள்வியாம். மெட்ராஸிலேயே கிடைப்பது கஷ்டமாம். கிடைத்தாலும், இவ்வளவு தூரம் போன பிறகு தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். தம்பி புழங்கும் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னார். உங்களில் மூத்தவன் அப்போது வயிற்றில் இருந்தான்.

வழியில் உங்கள் அம்மா, "என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். பார்ப்போம் என்று சொன்னதாகச் சொன்னேன்.

அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டாள். வேறு யாரையும் தொடவிடாமல் தம்பிதான் குழிவரை தூக்கிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் இருமினான்.

பிறகு ஒரு மத்தியானம், வீட்டில் ஆள் இல்லாத நேரம், அடுக்களைக்குள் போனேன். டம்ளர் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. இனி தம்பிக்கு இது என்று ஏதோ ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அவன் கண்ணில் படாதபடி அடிப்பக்கத்தில், ஆணியால் ஒரு கோடு கீறினேன்.