மாலை போட்ட நான்கு மைக்குகள்

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் என் நான்கு மைக்குகளையும் காணவில்லை.

இடம், திருமழிசையில் ஒரு கல்யாண மண்டபம். தகரக் கூரை, சுவரெல்லாம் மார்பிள். மேடையில் யார் பேசினாலும் கடைசி வரிசைக்கு வெறும் இரைச்சல்தான் போய்ச் சேரும். இந்தக் கோளாறுக்காகத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் ஸ்பீக்கர் கம்பெனியில் நாங்கள் நாலு பேர் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒரே குரல் நான்கு மைக்குக்கும் நான்கு விதமாகச் சுவரில் மோதி வரும். அவற்றை ஒப்பிட்டால், அசல் குரல் எப்படி இருந்தது என்று தெரியாமலேயே சுவர்களின் சேட்டையைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். எங்கள் பாஷையில் 'பிளைண்ட் ஐடென்டிஃபிகேஷன்'.

எங்கள் மேனேஜர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "கடைசி வரிசைல நான் நிப்பேன். ஒரு வாக்கியம் தெளிவா கேட்டா ப்ராஜெக்ட் இருக்கும். இல்லேன்னா நாலு பேரும் ப்ளூடூத் ஸ்பீக்கர் செக்‌ஷனுக்குப் போயிடுங்க."

மைக்குகள் கிடைத்தன. மண்டப உரிமையாளர் ஏகாம்பரம் நான்கையும் ஒரே ஸ்டாண்டில் கொத்தாகக் கட்டி, சாமந்தி மாலையும் போட்டிருந்தார்.

"ஐயா, நாலும் ஒரே இடத்துல இருந்தா ஒரே மாதிரிதான் கேக்கும். எதை எதோட ஒப்பிடறது? மேடையோட நாலு மூலைல வைக்கணும்."

"இன்னா மேடம் நீங்க? தலீவரு வாழ்த்த வராரு. டிவில பாத்ததில்ல? கொத்தா வெச்சாத்தான் மரியாத. ஒண்டி மைக்குல பேசச் சொன்னா எறங்கிப் பூடுவாரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஸ்டோர் ரூமில் கிடந்த நான்கு செத்த மைக்குகளைக் கொத்தாகக் கட்டி மாலையை அதற்கு மாற்றினோம். என்னுடையவை மேடை மூலைகளில் பூ அலங்காரத்துக்குள் ஒளிந்துகொண்டன.

தலைவர் செத்த மைக்குகளிடம் இருபது நிமிடம் பேசினார். கூட்டமோ சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பின்னால் மேனேஜர் காதருகே கையைக் குவித்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நன்றி, வணக்கம்" என்று முடித்த தலைவர், மைக் கொத்தை விட்டு இரண்டடி தள்ளி வந்து, ஏகாம்பரத்தின் காதில் மெதுவாகக் கேட்டார்:

"ஏகாம்பரம், இது யாரு ஊட்டுக் கல்யாணம்யா?"

ஓர் எழுத்துகூடச் சிதறாமல் அது கடைசி வரிசைக்குப் போனது. மண்டபமே அடங்கிவிட்டது. மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் மேனேஜர் இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினார். அந்த அமைதியில் நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன்.

"எதிரொலி இருந்த வரிக்கும் மானம் தப்பிச்சினு இருந்துச்சு மேடம்" என்றார் ஏகாம்பரம்.

ப்ராஜெக்ட் பிழைத்தது. இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு கொத்து செத்த மைக் கொண்டுபோகிறேன். ஆஃப் சுவிட்சிலேயே விரலை வைத்திருந்து, 'நன்றி' என்ற சொல் காதில் விழுந்ததும் அழுத்திவிடுகிறேன்.